கொரியாவிலிருந்து மகள் கொண்டுவந்த கிண்ணம்

1

இந்த மாசியோடு என் கணவர் மரியதாஸ் விழுந்து இரண்டு வருடமாகிறது. விழுந்தார் என்றால் பனியில் சறுக்கி விழவில்லை. சுவிஸில், பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் எங்கள் வீட்டுக் குசினியில் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டு நின்றவர் கரண்டியைக் கீழே விட்டார். அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் போயின. அவற்றோடு இன்னொன்றும் போனது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைத் தொலைபேசியில் விளங்கப்படுத்த முடியவில்லை. எடுக்கிறவர்கள் எல்லோரும் பேச்சு வந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள். வந்துவிட்டது என்கிறேன். மாதா காப்பாற்றிவிட்டா என்று சொல்லி நிம்மதியாக வைத்துவிடுகிறார்கள். வந்தது தமிழ் மட்டும்தான் என்று நான் சொல்வதில்லை. சொன்னால், தமிழ் வந்ததே போதாதா என்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

போனது ஜெர்மன். அதுவும் பள்ளிக்கூடத்து ஜெர்மன் அல்ல, பேர்ன் ஊரின் பேச்சு ஜெர்மன். முப்பது வருடத்துக்கு மேலாக வேலையிலும் ரயிலிலும் சண்டையிலும் பகிடியிலும் அவர் சேர்த்துவைத்த மொழி. இப்போது அதில் 'நன்றி' என்ற சொல்கூட அவரிடம் இல்லை. எங்களுக்கு ஒரே ஒரு மகள், ஜெனிற்றா. அவளும் அவரும் பேசிய மொழி அது ஒன்றுதான். விளங்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் தகப்பனோடு வேறு மொழியில் பேசியதே இல்லை.

2

இவர் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரைக்காரர். நான் இளவாலை. இங்கே வந்து சேர்ந்த புதிதில் இவருக்குத் துன் நகரில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் வேலை கிடைத்தது. முதலில் கோப்பை கழுவினார், பிறகு மரக்கறி வெட்டினார், பிறகு அடுப்படிக்கு ஏறினார். பூம்ப்ளிஸிலிருந்து ரயிலில் போய் வருவார். நான் காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்து, பின்னேரம் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்றேன். ஜெனியைப் பகலில் பார்த்துக்கொண்டது எங்கள் மாடியில் இருந்த ஒரு சுவிஸ் பெண்மணி. பிள்ளை பாலர் வகுப்புக்குப் போவதற்கு முன்பே அந்தப் பெண்மணியின் பேச்சைப் பேசத் தொடங்கிவிட்டது.

மற்றத் தகப்பன்மார் கவலைப்பட்டார்கள். இவர் சந்தோசப்பட்டார். ஹோட்டலில் இவருடைய ஜெர்மனைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அதனால், வீட்டில் ஒரு வாத்தியார் கிடைத்துவிட்டார் என்று மகளிடம் படிக்க உட்கார்ந்தார். அவள் படம் பார்க்கிற புத்தகத்தை விரித்து, முயலுக்கும் நரிக்கும் பெயர் சொல்லுவாள். இவர் பிழையாகச் சொன்னால் மேசையில் தட்டுவாள். இவர் வேண்டுமென்றே பிழை விடுவார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவளை அனுப்பினோம். ஒரு வருடத்தில் அழுது, போகாமல் நின்றுவிட்டாள். விடு, பெரியவளானால் தானாகக் கேட்பாள் என்றார் இவர். வேலைக்களைப்பில் நானும் அவளோடு என் உடைந்த ஜெர்மனுக்கு மாறிவிட்டேன். சோறு, தண்ணி, வா, படு என்பவை மட்டும் வீட்டில் தமிழாக நின்றன.

இரவுச் சாப்பாட்டு மேசையில் அவர்களுடைய கதை ஓடும். நான் பாதியைப் பிடிப்பேன், பாதி தப்பும். இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எங்களை நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, இவர் பேசிய பேர்ன் பேச்சைக் கேட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். கேலிச் சிரிப்பல்ல. ஒரு கிழவர், இந்தச் சொல்லை என் தகப்பனுக்குப் பிறகு இப்போதுதான் கேட்கிறேன் என்றார். அன்று வீட்டுக்கு வந்து அந்தப் பாராட்டு முழுவதையும் ஜெனிக்குத்தான் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேலை. இவர் அவளைச் சூரிச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மழை பிடித்துக்கொண்டதால் ஒதுங்குவதற்கு ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள். அன்றிரவு மேசையில் இருவரும் ஒரே பேச்சு. கிரானிக், கிரானிக் என்று திரும்பத் திரும்ப வந்தது. கிரான் என்றால் கட்டடம் கட்டுகிற இடத்தில் நிற்கிற பாரந்தூக்கி என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஐரோப்பா சதுக்கத்தில் அப்போது பெரிய பெரிய பாரந்தூக்கிகள் நின்றன. அருங்காட்சியகத்தில் பாரந்தூக்கி எதற்கு என்று கேட்டேன். இருவரும் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கிரானிக் என்றால் பறவையாம். நீண்ட கால், நீண்ட கழுத்து. பச்சைப் போத்தல் ஒன்றில் மேகங்களுக்கு நடுவே அந்தப் பறவைகள் பறந்தனவாம்.

3

அந்தப் போத்தல்தான் எங்கள் மகளைக் கொண்டுபோனது. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். பிறகு பேர்னில் மட்பாண்டக் கலை படித்தாள். படிப்பு முடிந்ததும் கொரியாவின் தெற்குக் கரையில் காங்ஜின் என்ற ஊருக்குப் போய், அங்குள்ள ஒரு பட்டறையில் சேர்ந்தாள். அந்த ஊர் மலைச்சரிவுகளில் பழைய சூளைகள் இருந்த இடங்கள் நிறைய உண்டாம்.

எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். எண்ணூறு தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் கொரியாவைக் கொர்யோ என்கிற அரச குடும்பம் ஆண்டது. அரண்மனைக்கும் பௌத்த மடங்களுக்கும் பிரபுக்களின் வீடுகளுக்கும் ஒரு வகைப் பச்சை மண்பாண்டங்கள் போயின. வாழையிலைப் பச்சையல்ல. மழைக்காலத்துக் குளத்தில் வானம் விழுந்தால் வருகிற நிறம். கிண்ணம், மதுப்போத்தல், சாம்பிராணிச் சட்டி, தலையணை கூட அந்த மண்ணிலே செய்தார்கள். ஆட்கள் இறந்தால் கல்லறைக்குள்ளும் வைத்தார்கள். வெறும் பச்சையோடு அவர்கள் நிற்கவில்லை. மண் பாதி காய்ந்து, தோல்போல இருக்கும்போது அதில் கொக்கும் மேகமும் செவ்வந்திப் பூவும் அலரித் தடியும் செதுக்கினார்கள். செதுக்கிய பள்ளத்தில் வெள்ளை மண்ணையும் செம்மண்ணையும் குழைத்துப் பூசினார்கள். காய்ந்ததும் மேலே வழிந்ததைச் சுரண்டி எடுத்தால், பள்ளத்துக்குள் இருப்பது மட்டும் மிஞ்சும். ஒருமுறை சுட்டு, கண்ணாடிப் பூச்சில் தோய்த்து, காற்றை அடைத்து மறுபடியும் சுடுவார்கள். வெள்ளை வெள்ளையாக நிற்கும். செம்மண் கறுப்பாக மாறிவிடும். கொக்கின் உடல் வெள்ளை, காலும் அலகும் கறுப்பு.

இந்தப் பதிப்பு வேலைக்குக் கொரிய மொழியில் 'சங்கம்' என்று பெயர். கோயிலில் பெண்கள் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டபோது, கொரியாவில் சங்கம் படிக்கிறாள் என்றேன். அங்கேயும் எங்கள் ஆட்கள் சங்கம் வைத்திருக்கிறார்களா, தலைவர் யார் என்று கேட்டார்கள். அன்று பின்னேரம் இவருக்குச் சொன்னேன். இவர் உடனே தொலைபேசியை எடுத்து, அதை ஜெனிக்கு ஜெர்மனில் விளங்கப்படுத்தினார். அந்தப் பக்கத்தில் அவள் சிரித்தது எனக்குக் கேட்டது.

ஞாயிறு தோறும் அவர்கள் பேசுவார்கள். ஒருமுறை அவள் சொன்ன கதையை இவர் துன் ஹோட்டல் முழுக்கப் பரப்பினார். கொரியாவின் மேற்குக் கரையில் ஒரு மீனவர் பேய்க்கணவாய் பிடித்திருக்கிறார். அது தன் எட்டுக் கைகளில் ஒன்றில் பச்சைத் தட்டு ஒன்றைப் பிடித்தபடி வந்திருக்கிறது. அந்த இடத்தில் சுழியோடிப் பார்த்தால், கிண்ணங்களும் தட்டுகளும் ஏற்றிக்கொண்டு தலைநகரம் போன பழைய மரக்கலம் ஒன்று சேற்றுக்குள் புதைந்து கிடந்ததாம். கடற்கரைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். அந்த மீனவன் கணவாயை என்ன செய்தான், சமைத்தானா, விட்டானா என்று இவர் மகளிடம் பலமுறை கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல் என்றார்.

4

இவர் விழுந்தபோது அவள் ஓடிவந்தாள். அவள் நின்ற இரண்டு கிழமையும் இவர் கண் திறக்கவில்லை. பட்டறையில் சூளை மூட்டுகிற காலம், விசாவுக்கும் ஒரு தவணை இருந்தது. போய்விட்டாள். அவள் போன பிறகுதான் இவர் வாய் திறந்தார். 'தண்ணி' என்றார். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு மருத்துவமனை நடைபாதையில் நின்று அழுதேன், சந்தோசத்தில்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு இளம் பெண் வந்தாள். நல்ல பிள்ளை. படங்களைக் காட்டிக் கேட்பாள். இவர் கத்தி, கதிரை, குடை என்று சொல்லுவார். சரியா பிழையா என்று அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். ஜெர்மனில் கேட்டால், வானொலியில் இரைச்சல் கேட்பவர்போல முகத்தைச் சுளிப்பார். பின்னாளில் படித்த மொழி போய், முதலில் வந்த மொழி மிஞ்சுவது சில பேருக்கு நடக்கும், ஏன் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றாள். தமிழில் பயிற்சி கொடுக்க ஆள் இல்லை. சில மாதங்களில் முன்னேற்றம் இல்லை என்று பயிற்சி நின்றது. ஜெர்மனில் முன்னேற்றம் இல்லை என்பது உண்மைதான்.

இவருக்குச் சுயபுத்தி இருக்கிறதா என்று தீர்மானிக்க ஓர் அதிகாரி வந்தார். மனைவி மொழிபெயர்க்கக் கூடாது என்பது சட்டம். அதனால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டுப் பெண். மிகவும் மரியாதையாக, "ஐயா, இப்போ நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்து, "ஆர் இது, ரேடியோவோ?" என்றார். இருக்கும் இடம் தெரியாதவர் என்று பதியப்பட்டது.

போன கோடையில் இன்னொரு சிறிய அடைப்பு வந்தது. அதன் பிறகு மறதியும் சேர்ந்துகொண்டது. என்னை மறக்கவில்லை. 'ரெஜி' என்று கூப்பிடுவார். ஆனால் சில நாட்களில் குருநகரில் இருப்பார். இன்றைக்கு என்ன காற்று, சோளகமா வாடையா என்று கேட்பார். என் முதுகு அவரைத் தூக்க மறுத்துவிட்டது. விண்ணப்பித்து, காத்திருந்து, கடைசியில் ட்ராமில் போகக்கூடிய தூரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. ஹைம் என்று இங்கே எல்லோரும் சொல்லுகிற இடம். மத்தியானம் போய், அவருக்குச் சோறு தீத்திவிட்டு, பின்னேரம் திரும்பி வருகிறேன். இப்போது அதுதான் என் வேலை.

காணொளி அழைப்பில் ஜெனி பேசினால் ஆரம்பத்தில் இவர் அழுதார். பிறகு பார்க்காமல் விட்டார். அவள் வழக்கம்போலப் பேர்ன் பேச்சில், பழைய பகிடிகளோடு தொடங்குவாள். இவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துப் போர்வையின் நூலைப் பிடுங்குவார். ஞாயிற்று அழைப்புகள் மெல்லக் குறைந்தன. ஒருவரையும் குறை சொல்ல முடியாது.

5

மார்கழி முடிந்ததும் அவள் வந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கை முழுக்கச் சிறுசிறு வெடிப்புகள். ஒரு மரப்பெட்டியை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்ததாகச் சொன்னாள்.

மறுநாள் ஹைமுக்குக் கூட்டிப்போனேன். ஜெனி வந்திருக்கிறாள் என்று இவருக்குச் சொன்னேன். இவர் முகம் மலர்ந்தது. அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தார். வேறு யாராவது உள்ளே வரப்போகிறார்களா என்று பார்க்கிற பார்வை. கழுத்துத் திரும்பக் கஷ்டப்படுகிறார் என்று அவள் நினைத்து, தானே அந்தப் பக்கம் நகர்ந்து நின்றாள்.

பிறகு பெட்டியைத் திறந்தாள். அவளே செய்த கிண்ணம். ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. சூளையில் வைத்தவற்றில் பல வெடித்தும் நிறம் கெட்டும் போய், அவள் மனதுக்குப் பிடித்ததாக மிஞ்சியது இது ஒன்றாம். உள்ளே நடுவில் வட்டத்துக்குள் ஒரு செவ்வந்தி. வெளியே சுற்றிவர மேகமும் பறவையும். எனக்கு அந்த நேரம்தான் முதன்முதலாக அதன் அழகு விளங்கியது. பச்சைக்கு மேலே வரைந்ததுபோல இல்லை. பச்சைத் தண்ணீருக்கு அடியில் பறவை நின்றது.

இவர் இடது கையால் வாங்கினார். சுற்றிப் பார்த்தார். "கொக்கு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். கிரானிக் என்றேன். அவள் "கொக்கு, கொக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். இவர் கொக்கின் காலை நகத்தால் சுரண்டினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடியும் சுரண்டினார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, செதுக்குவது, பூசுவது, சுரண்டுவது எல்லாவற்றையும் கையால் செய்து காட்டிச் சொல்லிக்கொண்டு போனாள். நான் தமிழாக்கினேன். வெள்ளை மண், செம்மண், செம்மண் நெருப்பில் கறுத்துவிடும் என்றேன்.

"ஏன் கறுக்குது?" என்று இவர் கேட்டார்.

கோடைக்குப் பிறகு இவர் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. காற்றைத் தவிர வேறொன்றையும் கேட்பதில்லை. நான் அவசரமாக அதை அவளுக்குச் சொன்னேன். அவள் கண்கள் பெரிதாகின. வேகமாக விளக்கத் தொடங்கினாள். சூளை, காற்று, இரும்பு என்ற சொற்களைப் பிடித்தேன். நடுவில் வந்தவை எனக்குத் தெரியாத ஜெர்மன். தெரிந்திருந்தாலும் அதற்கு என்னிடம் தமிழ் இல்லை. காற்றுக் குறைந்தால் கறுக்குமாம் என்றேன். "காத்துக் குறைஞ்சால் நெருப்பு நூருமெல்லோ" என்றார் இவர், அணைந்துபோகாதா என்று. மறுபடியும் அவளிடம் திரும்பினேன். அவள் இன்னும் நீளமாகச் சொன்னாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் வாயைத் திறந்தபடி நின்றேன். இவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கிண்ணத்தைப் போர்வை மேல் வைத்துவிட்டு, தேத்தண்ணி வரவில்லையா என்று கேட்டார்.

6

ஜெனி அன்று வீட்டுக்கு வந்ததும், தமிழ் சொல்லித் தா என்றாள். கொரிய மொழியைக் காதால் கேட்டுத்தான் பிடித்தாளாம், தமிழையும் பிடிக்கலாம் என்றாள். நிற்கப்போவது நான்கு கிழமை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவளுக்குள் நான்கு வயதுத் தமிழ் கொஞ்சம் கிடந்தது. சோறு, தண்ணி, நோகுது, குளிருது. அவற்றைத் தட்டி எழுப்பினோம். காலையில் நான் சமைக்க, அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனமாகச் சொல்லிப் பார்ப்பாள். ழகரம் வரவே இல்லை. மற்றவை ஆச்சரியப்படும் வேகத்தில் வந்தன.

ஒரு நாள் பனி நன்றாகக் கொட்டியது. நான் ஒரு பக்கத்தில் இவருக்குக் காலுறை மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலோரம் போய் நின்று, வழியெல்லாம் மனனம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள். வெளியிலை பனி கொட்டுது, உங்களுக்குக் குளிருதோ என்று.

இவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பழைய சிரிப்பு. "தமிழ் வடிவாக் கதைக்கிறீங்கள். எங்கை படிச்சனீங்கள்?"

தன் தமிழ் அழகு என்ற முதல் வசனம் அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டாவதை நான் ஜெர்மனில் சொன்னேன். அவள் தமிழிலேயே, அம்மாவிடம் என்று பதில் சொன்னாள். உங்களுடைய அம்மா கெட்டிக்காரி என்று இவர் சொன்னார். அவருடைய காலுறை என் கையில் இருந்தது.

எங்கள் ஆட்களில் பிள்ளைகளையும் நீங்கள் என்று கூப்பிடுகிற வீடுகள் உண்டு. இவருடைய வீடு அப்படியல்ல. அலைச்சத்தத்துக்கு மேலாகக் கதைத்துப் பழகிய குடும்பம். மனைவி, பிள்ளை, மைத்துனன் எல்லோரும் நீதான். டொக்டருக்கும் சுவாமிக்கும் தாதிகளுக்கும்தான் நீங்கள். நான் காலுறையைப் போட்டுவிட்டேன். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு சந்தோசத்தில் அவளைப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அந்த வசனத்தை அவள் ஒரு பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வடிவாக் கதைக்கிறீங்கள். ட்ராமில், குளிக்கும்போது, மாப்பிசையும்போது. காங்ஜின் பட்டறைத் தோழிகளுக்கும் குரல்பதிவாக அனுப்பினாள்.

சில நாள் கழித்து, இவரைச் சக்கர நாற்காலியில் ஜன்னலடிக்கு அழைக்க என்ன சொல்வது என்று கேட்டாள். 'வாங்கோ' என்று சொல்லிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தையை நான் 'வா' என்று கூப்பிட்டதை அவள் கவனித்திருக்கிறாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பேர்ன் பேச்சில் நெருங்கியவரை 'டு' என்பார்கள், அந்நியரை மரியாதையாக 'டிர்' என்பார்கள். வா என்றால் டு, வாங்கோ என்றால் டிர் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்கியது.

அவள் பிறகு தன் வசனத்தை மெதுவாக, துண்டு துண்டாகச் சொன்னாள். கதைக்கிற். ஈங்கள். அப்பா எனக்கு டிர் சொன்னாரா என்று ஜெர்மனில் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அப்படியென்றால் என்னை யார் என்று நினைக்கிறார் என்று கேட்டாள். தாதி என்று நினைக்கிறார் போலிருக்கிறது, தமிழ் படித்த ஒரு தாதி என்றேன். அவள் அழவில்லை. கையைக் கழுவிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக ஹைமுக்குப் போனாள். இருட்டுப்பட்டுத்தான் வந்தாள். அன்று அங்கே என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் இவரை அப்பா என்று கூப்பிடவில்லை. எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. குளிருதோ, பசிக்குதோ என்று மட்டும் கேட்பாள். இவர் நன்றாகப் பதில் சொல்லுவார். அவள் கொடுத்தால் நான் கொடுப்பதைவிட ஒழுங்காகச் சாப்பிட்டார்.

கிண்ணம் ஜன்னல் விளிம்பில் இருந்தது. ஒரு நாள் போனபோது அதற்குள் இவருடைய சீப்பையும் சவர அலகின் மூடியையும் யாரோ போட்டிருந்தார்கள். எடுக்கப் போனேன். இருக்கட்டும் என்றாள் ஜெனி. அந்தக் காலத்திலும் இவற்றில் எண்ணெயும் பவுடரும் போட்டுத்தான் வைத்தார்கள் என்றாள்.

7

அவள் புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் இருவரும் போனோம். இவர் அன்று தெளிவாக இருந்தார். நல்ல வெயில். சாப்பாடு கொடுத்து முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, நாளைக்கு நான் போகிறேன் என்று அவள் தமிழில் சொன்னாள்.

எங்கே என்று இவர் கேட்டார். கொரியாவுக்கு என்றாள்.

இவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "கொரியாவிலையோ? அங்கை என்ரை மகள் இருக்கிறாள்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். இவள்தான் அது என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு விளங்கிய நாளிலிருந்து நான் அதைச் சொல்லாமல் இருந்தவளில்லை. எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இவர் பதறி, கதவைப் பார்த்து, எங்கே எங்கே என்று தேடி, கடைசியில் அழுதுதான் ஓய்ந்திருக்கிறார். ஜெனி என் கையைப் பிடித்து இருத்தினாள். விளங்கிவிட்டது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

மகள் என்ன செய்கிறா என்று அவள் இவரிடம் கேட்டாள். இவர் பச்சைச் சட்டி செய்கிறாள் என்றார். கொக்குப் போட்ட சட்டி. நல்ல கைவேலைக்காரி என்றார். சின்ன வயதிலேயே தனக்குப் பாடம் சொல்லித் தந்தவள் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பிறகு, வசனத்தை மனதில் கட்டி முடிப்பதற்காகக் கொஞ்சம் காத்திருந்து கேட்டாள்.

"மகளுக்கு நான் என்ன சொல்ல?"

இவர் யோசித்தார். உதடு அசைந்தது. எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது, கிடைக்கவில்லை என்றும் தெரிந்தது. நடைபாதையில் தேத்தண்ணி வண்டி தள்ளிக்கொண்டு போன சத்தம் கேட்டது.

"ஒண்டும் சொல்லேலாது" என்றார். "அவளுக்குத் தமிழ் தெரியாது. அவளோடை கதைக்கிற பாஷை எனக்குப் போட்டுது."

பிறகு அவள் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாக, நீங்கள் கவனமாகப் போய்வாருங்கள் என்றார். அவள் குனிந்து அவருடைய செயலிழந்த வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஒரு தாதி இப்படிச் செய்வது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே வந்தோம். பனி உருகி, பாதையோரம் கறுத்த தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. தரிப்பிடத்தில் வேறு யாரும் இல்லை. அவள் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதெல்லாம் விளங்கியது, ஒரே ஒரு சொல்தான் விளங்கவில்லை என்றாள்.

"போட்டுது எண்டால் என்ன, அம்மா?"

அதை அவள் தமிழிலேயே கேட்டாள். நான் அவளுடைய மொழியில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது. 'வெக்' என்றேன். இல்லாமல் போய்விட்டது என்பதற்கு இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த சொல்.

தலையாட்டினாள். ட்ராம் வந்தது. ஏறினோம்.